நாலுக்கு ரெண்டு

அந்த வீட்டில் பால்பவுடர் டின்னின் மேல் எழுதியிருந்ததை யாரும் படித்ததில்லை. எழுத்துக்குப் பதிலாக அங்கே ஒரு குரல் இருந்தது. குழந்தை பிறந்த பதினைந்தாம் நாள் ஷார்ஜாவிலிருந்து முகம்மது கனி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், நாற்பத்தொரு நொடி.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. கொதிக்கவச்சு ஆறவச்ச தண்ணி. பாட்டில்ல நாலுன்னு போட்டிருக்க கோடு வரைக்கும் ஊத்தணும். அது நாலு அவுன்ஸ். டின்னுக்குள்ள கெடக்க கரண்டியால தலை தட்டி ரெண்டு கரண்டி போடு. நாலுக்கு ரெண்டு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கட்டி நிக்காம குலுக்கிக் குடு."

அதன் பிறகு ஒரு லாரி ஹாரன். அதோடு முடிந்துவிடும்.

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அக்கா ஆசியா அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கலக்கினாள். பிறகு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் போடுவாள். குழந்தை அந்தக் குரலுக்குத் தலையைத் திருப்பியது. வாப்பாவை நேரில் பார்க்காத பிள்ளை, பால் வருகிறது என்பதற்கு அடையாளமாக வாப்பாவின் குரலை வைத்திருந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் வாயைத் திறக்கும்.

ஆசியாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தவள். உம்மா வாப்பா இரண்டு பேரும் மவுத்தான பிறகு, தென்காசியில் அந்த இரண்டு அறை வீடு தம்பி பெயரில் இருந்தது. தம்பி வெளிநாட்டில். வீட்டை அவள்தான் ஓட்டினாள். அவளை யாரும் போகச் சொன்னதில்லை. போகச் சொல்லமாட்டார்கள் என்ற நிச்சயமும் அவளுக்கு இருந்ததில்லை. தன்னிடம் ஒப்படைத்த வேலையில் பிழை வராதவரைக்கும் இங்கே இருக்கலாம் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பிழை வராது என்பதற்குச் சாட்சி அவள் கை. பீடி சுற்றுவதில் அந்தத் தெருவில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. நனைத்து வைத்த இலையின் மேல் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளை இரண்டு விரலால் எடுத்துப் போட்டு, உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றி முறத்தில் எறிவாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கட்டை எண்ணவே மாட்டாள். கையில் அடங்கும் கனம் சொல்லிவிடும். பீடிக்கடைச் செக்கர் மற்றவர்களின் கட்டுகளைப் பிரித்து உதறிக் கழிவு தள்ளுவார். ஆசியாவின் கட்டுகளை முகர்ந்துகூடப் பார்க்காமல் பெட்டியில் போடுவார்.

தம்பி பெண்டாட்டி மிஸ்ரியா இலத்தூர்க்காரி. இருபத்துநாலு வயது, பேச்சு குறைவு. பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தையலில் சீழ் வைத்துப் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். அந்தப் பத்து நாளில் பால் வற்றிப்போனது. பிறகு கொஞ்சம் திரும்பியது. பகலில் ஒன்றும் இராது. ராத்திரி இரண்டு தடவை மட்டும் பிள்ளை அவளிடம் குடித்தான். மற்றபடி பிள்ளை ஹுஸைஃபாவை வளர்த்தது பாட்டில்தான். பாட்டிலைக் கலக்கியது ஆசியா.

பாட்டிலும் டின்னும் கனி வாங்கியனுப்பியவை. அமெரிக்கச் சரக்கு. பாட்டிலின் மேல் ஒன்றிலிருந்து எட்டு வரை கோடு. பக்கத்தில் சின்னதாக இங்கிலீஷில் இரண்டு எழுத்து, அவுன்ஸுக்கு. வேறு கணக்கு எதுவும் அதில் கிடையாது. கனிக்கு அது உறுத்தவில்லை. அவன் அங்கே ஓட்டுவது தண்ணி டேங்கர், ஐயாயிரம் கேலன் வண்டி. பத்து வருஷமாக அவனுக்குத் தண்ணி என்றால் கேலன்தான். போன தடவை லீவில் வந்தபோது மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தார்கள். பிளம்பரிடம் "இருநூத்தி இருவது கேலன் புடிக்குமா" என்று கேட்டான். பிளம்பர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். கேலனில் இங்கிலீஷ் கேலன் வேறு, அமெரிக்கா கேலன் வேறு, ஒன்று நாலரை லிட்டர், மற்றது நாலுக்கும் குறைச்சல் என்றெல்லாம் அன்றைக்கு அரைமணி நேரம் விளக்கினான். மிஸ்ரியா மட்டும் உட்கார்ந்து கேட்டாள்.

மூன்று மாதம் பிள்ளை நன்றாகத் தேறினான். தொடையில் மடிப்பு விழுந்தது. ஊருக்கு வருகிறவர்கள் கையில் டின் வந்துகொண்டிருந்தது. ஜூன் பிறந்ததும் வருகிற ஆள் நின்றது. கார்கோவில் போட்ட பெட்டி எங்கேயோ மாட்டிக்கொண்டது. கடைசி டின் அடி தெரிந்த அன்று ஆசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெயின் ரோட்டு மெடிக்கலுக்குப் போய் நம்ம ஊர் டின் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் காந்திமதிநாதனிடம், இதுவும் அதே மாதிரிதானே கலக்கணும் என்று கேட்டாள். கடையில் சீசன் கூட்டம். குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காது அடைத்தவர்களும் வயிறு கெட்டவர்களும் கவுன்டரை மறைத்து நின்றார்கள். அவர் எல்லாப் பவுடரும் ஒன்றுதான் அக்கா, உள்ளே கரண்டி கிடக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் திரும்பிவிட்டார்.

உள்ளே கரண்டி கிடந்தது. அதுவும் நீலம். பழைய டின் கரண்டி நல்ல பிளாஸ்டிக்காக இருந்ததால் எறிய மனமில்லாமல் டீத்தூள் டப்பாவில் போட்டாள். புதுக் கரண்டியால் தலை தட்டி, நாலுக்கு ரெண்டு.

அந்த வருஷம் சாரல் விடாமல் பெய்தது. மலை தெரியாது. மேற்கிலிருந்து காற்று தெருவுக்குள் ஊளையிட்டுக்கொண்டு வரும். தெருமுனையில் குற்றாலம் போகிற கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். பீடிக்காரிகளுக்கு அது கெட்ட காலம். இலை காயாது, தூள் நமத்துப்போகும், சுற்றிய பீடி பிசுபிசுக்கும். ஆசியா முறத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பாள். அந்த வெளிச்சச் சூட்டில் ஒரு பக்கம் பீடி, மறுபக்கம் பிள்ளைத்துணி. துணிதான் தீரவில்லை. முன்பு ஒரு நாளைக்குப் பத்துத் துணி. இப்போது இருபது. பிள்ளை குடித்தான், நனைத்தான், அழுதான். திரும்பக் குடித்தான். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி, காலி பாட்டிலின் ரப்பரைக் கடித்துக் காற்றை இழுப்பான். பிடுங்கினால் வீறிடுவான். நல்ல குடிகாரப் பிள்ளை என்று பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். ஆசியாவும் சிரித்தாள்.

ஜூன் கடைசியில் அங்கன்வாடி டீச்சர் மாரிச்செல்வி எடை போட்டாள். அஞ்சு கிலோ எண்ணூறு. போன மாதமும் அதேதான். தராசு சரியில்லையோ என்று இறக்கிவிட்டு மறுபடி போட்டாள். பதினைந்து நாள் கழித்து வரச்சொல்லிப் போட்டபோது அஞ்சு அறுநூறு. தொடை மடிப்பு போய்த் தோல் தொங்கியது. மாரிச்செல்வி அட்டையில் புள்ளி வைத்தாள். கோடு கீழே சாய்ந்தது.

"எத்தன மில்லி குடுக்கிய?" என்று கேட்டாள்.

"நாலு அவுன்ஸ் டீச்சர். எட்டு வேளை."

"அவுன்ஸு எனக்குத் தெரியாதுக்கா. மில்லியில சொல்லுங்க. என் நோட்டுல மில்லிதான் இருக்கு."

ஆசியாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டுப் பாட்டில், அதுல அப்படித்தான் இருக்கும் என்றாள். மாரிச்செல்வி நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டாள்.

டாக்டரிடம் போனார்கள். தனி கிளினிக், நாற்பது டோக்கன். அவர் பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கொஞ்சம் சளி இருக்கிறது என்றார். எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டார். நாலு அவுன்ஸ், எட்டுத் தடவை என்று ஆசியா முந்திக்கொண்டு சொன்னாள். டாக்டருக்கு அவுன்ஸ் தெரியும். அளவு போதுமே, பிறகு ஏன் இறங்குது என்று முனகிக்கொண்டார். எத்தனை கரண்டி என்று அவர் கேட்கவில்லை. சளி மருந்து எழுதி, ஒரு வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் அட்மிட் செய்து ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்க்கணும் என்றார். மருந்து கொடுக்க ஊசி இல்லாத ஐந்து மில்லி சிரிஞ்ச் ஒன்றை மெடிக்கலில் கொடுத்தார்கள்.

பாட்டில் பால் போதும் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருப்பது தாய்ப்பால். அதில்தான் கோளாறு இருக்கவேண்டும் என்ற யோசனை எங்கிருந்து முதலில் கிளம்பியது என்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை. ஆசியாவுக்குத் தெரியும். பீடி இலை வெட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள்தான் சொன்னாள். தையலில் சீழ் வைத்த உடம்பு, அந்தப் பாலில் என்ன இருக்குமோ என்று. இரண்டு நாளில் அது தெருவைச் சுற்றி, ஆசியாவுக்கும் கனிக்கும் தாய்மாமாவான நயினாரின் காதுக்குப் போய், அவர் வாயால் தீர்ப்பாக வீட்டுக்குள் திரும்பி வந்தது.

நயினார் மாமா புதன்கிழமை சாயங்காலம் நனைந்த குடையோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து போனை எதிரே சாய்த்துவைத்து கனியைக் கூப்பிட்டார். மிஸ்ரியாவின் அண்ணனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. அவன் கொடுத்துவிட்டிருந்த ரம்புட்டானைத் தோல் உரித்துத் தின்றபடியே பேசினார். கனி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமைல இருந்து ராத்திரிப் பாலை நிறுத்திருவோம். பாட்டில் மட்டும் குடுப்போம். பிள்ளை ஏறுதானா இல்லியான்னு பாத்துருவோம். என்னடா சொல்லுத?"

அக்கா என்ன சொல்லுதா என்று கனி கேட்டான்.

எல்லோரும் ஆசியாவைப் பார்த்தார்கள். அவள் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "மாமா சொல்லுததுதான் சரின்னு படுது" என்றாள்.

மிஸ்ரியா அறை வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "ராத்திரி எங்கிட்ட குடிச்சாத்தான் மதினி அவன் ஒறங்குதான்" என்றாள். சத்தம் ரொம்பக் குறைவு.

"ஒறங்கினா ஆச்சா? உடம்பு ஏற வேண்டாமா?"

"பாட்டில் குடிச்சதும் அழுவுதான். எங்கிட்ட குடிச்சா அழுவல. அதைத்தான் சொல்லுதேன்."

"அழுவுத பிள்ளை எல்லாம் பசியிலயா அழுவுது?" என்றாள் ஆசியா. கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். நாலு துளி தெறித்தது.

மிஸ்ரியா பிள்ளையோடு அறைக்குள் போனாள். மாமா கருவாட்டுச் சம்பலும் கிழங்கும் சாப்பிட்டு, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வருகிறேன் என்றார். அதாவது, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க.

வியாழக்கிழமை மத்தியானம். மிஸ்ரியா மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கட்டியிருந்த கொடியில் துணி ஈரம் பார்க்கப் போயிருந்தாள். பிள்ளை தொட்டிலில் அரைத் தூக்கத்தில் முனகினான். ஆசியா சளி மருந்தை சிரிஞ்சில் உறிஞ்சி அவன் கடைவாயில் விட்டாள். சிரிஞ்சைக் கழுவி எடுத்தபோது, அதன் மேல் இருந்த எண்கள் கண்ணில் பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பக்கத்தில் இரண்டு எழுத்து. பாட்டிலில் இருந்த எழுத்து இல்லை இது.

இதுதானே மில்லி என்று நினைத்தாள். மாரிச்செல்வி வெறுமனே விட்ட கட்டம் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை கேட்டால் சொல்லிவிடலாம். அதற்கு மேல் அந்த நேரத்தில் அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை. தெரியாது என்று ஒரு முறை நின்ற இடத்தில் மறுமுறை நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

காலி பாட்டிலை முறத்தின் பக்கத்தில் வைத்தாள். டம்ளர் தண்ணீரிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி பாட்டிலுக்குள் பீய்ச்சினாள். ஆறாவது தடவையில் தண்ணீர் ஒன்று என்ற கோட்டைத் தொட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. நாலு கோடு வரைக்கும் போனாள். இருபத்துநாலு தடவை. தண்ணீர் கோட்டை ஒரு மயிரிழை தாண்டி நின்றது. ஒரு கட்டு பீடிக்கு ஒன்று குறைச்சல் என்று கை சொன்னது. இருபத்துநாலு அஞ்சு நூற்றியிருபது.

நாலு அவுன்ஸ் என்றால் நூற்றியிருபது மில்லி. ஒரு அவுன்ஸ் முப்பது. இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது. பாட்டிலை எடுத்து வைக்கப்போனவள் டின்னைப் பார்த்தாள்.

டின்னில் இங்கிலீஷும் இந்தியும் இருந்தன. இரண்டும் அவளுக்குத் தெரியாது. எண் தெரியும். பின்பக்கம் கீழே ஒரு சின்னப் படம். ஒரு கரண்டி. பக்கத்தில் ஒரு டம்ளர். டம்ளருக்குள் முப்பது. சிரிஞ்சில் இருந்த அதே இரண்டு எழுத்து.

ஐந்து வாரமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அந்த டின்னைக் கையில் எடுத்திருக்கிறாள். படம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

முப்பதுக்கு ஒரு கரண்டி என்றால் நூற்றியிருபதுக்கு நாலு கரண்டி.

அப்படி இருக்காது என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீத்தூள் டப்பாவைத் திறந்து பழைய கரண்டியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பீடிக்கடையில் இரண்டு வருஷத்துக்கு முன் தகடு மாற்றினார்கள். புதுத் தகடு ஒரு நூல் குட்டை. கையில் வாங்கியதும் ஆசியா செய்த முதல் வேலை, பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்துப் பார்த்தது. மற்றவர்கள் பார்க்காமல் வெட்டி ஒரு வாரத்துக் கட்டைக் கழிவில் இழந்தார்கள். அவளுடையதில் ஒரு பீடிகூடப் போகவில்லை. ஊரான் குடித்துத் துப்புகிற பீடிக்குப் பார்த்ததைத் தம்பி பிள்ளையின் பாலுக்குப் பார்க்கவில்லை.

புதுக் கரண்டியில் தண்ணீர் மொண்டு பழைய கரண்டியில் ஊற்றினாள். நிறையவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள். வழிந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை பக்கத்தில் கிடந்த பீடி இலையை எடுத்து நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. கனி சொன்னதில் பிழை இல்லை. அந்த டின்னுக்கு அது சரி. மெடிக்கல்காரர் சொன்னதிலும் பெரிய பிழை இல்லை. டாக்டர் கேட்டதற்கு இவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்து, பிள்ளை ஐந்து வாரமாகப் பால் நிறத்தில் தண்ணீர் குடித்திருக்கிறான். ராத்திரி இரண்டு வேளை உம்மாவிடம் குடித்ததுதான் அவனுக்குக் கிடைத்த சோறு. அதை நிறுத்தத்தான் நாளைக்கு மாமா வருகிறார்.

அப்போது இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அது தெரிந்தபோது அவளுக்கு ஒரு நொடி மூச்சு லேசாக வந்தது. யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம். இப்போதிருந்து நாலு கரண்டி போட்டால் போதும். நாளைக்குத் தாய்ப்பால் நிற்கும். அடுத்த வாரம் பிள்ளை ஏறுவான். பார்த்தீர்களா, அந்தப் பால்தான் கெடுத்தது என்று ஊர் சொல்லும். மாமா சொல்லுவார். கனி சொல்லுவான். ஆசியாவின் பாட்டில் பிள்ளையைக் காப்பாற்றியது என்று ஆகும். அதற்குப் பிறகு இந்த வீட்டை விட்டு அவளைப் போகச்சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது.

பிள்ளை முழித்துக்கொண்டு அழுதான்.

பாட்டிலைக் காலி செய்து, ஆறவைத்த வெந்நீரை நாலு கோட்டுக்கு ஊற்றினாள். வழக்கமாகப் போனை எடுப்பவள் இன்றைக்கு எடுக்கவில்லை. ஒரு கரண்டி. இரண்டு. மூன்றாவது கரண்டியைத் தலை தட்டும்போது மாடிப்படியில் மிஸ்ரியா இறங்கி வந்து நின்றாள். தோளில் காயாத துணி. அவள் தரையில் கிடந்த சிரிஞ்சைப் பார்த்தாள். இரண்டு நீலக் கரண்டிகளைப் பார்த்தாள். மூன்றாவது உள்ளே விழுந்தது. ஆசியா நாலாவதை எடுத்தாள்.

"மதினி, ரெண்டுதானே?"

"நாலு."

"இன்னைக்கு மட்டுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. டாக்டர் கூட்டச்சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளை வீறிட்டான். ஆசியா நாலாவது கரண்டியைப் போட்டு மூடியைத் திருகினாள்.

"அஞ்சு வாரமாவே நாலுதான் போட்டிருக்கணும். நான் ரெண்டு போட்டுட்டேன். பழைய டின்னு கரண்டி பெருசு, அதுக்கு நாலுக்கு ரெண்டு. இது சின்னக் கரண்டி. டின்னுல மில்லியில போட்டிருக்கு, பாட்டில்ல அவுன்ஸு. நான் ரெண்டையும் சேத்துவச்சுப் பாக்கல. உன் பால்ல ஒரு குத்தமும் இல்ல, மிஸ்ரியா. அது இல்லன்னா பிள்ளை என்ன ஆயிருப்பானோ."

மிஸ்ரியா துணியைத் தரையில் போட்டாள்.

"பசிக்குதுன்னு நான் சொன்னேன்" என்றாள்.

"சொன்னே."

"ஒரு தடவை இல்ல. எத்தன தடவை சொன்னேன்."

"ஆமா."

"நேத்து மாமாட்ட சரிதான்னு சொன்னிய."

ஆசியா தலையை மட்டும் அசைத்தாள். மிஸ்ரியா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். கத்துவாள் என்றுகூட எதிர்பார்த்தாள். அவள் கையை நீட்டினாள். ஆசியா பாட்டிலைக் கொடுத்தாள். மிஸ்ரியா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, கனமாக இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன் பால் இப்படித்தான் இருந்தது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"உங்க தம்பிக்குச் சொல்லுங்க" என்றாள் மிஸ்ரியா. "எங் காதுல விழச் சொல்லணும்."

ஆசியா இதுவரை வாய்ஸ் அனுப்பியதே கிடையாது. வந்ததைக் கேட்பாள், பதிலுக்குப் போன் போடச்சொல்லி மிஸ்ரியாவிடம் சொல்லுவாள். பட்டனை அமுக்கிப் பிடித்தாள்.

"கனி, நாந்தான். நாலுக்கு ரெண்டு இல்ல, இந்த டின்னுக்கு நாலுக்கு நாலு. நாந்தான் தப்பாக் கலக்கிட்டேன். உன் பிள்ளையைப் பட்டினி போட்டது நான். மிஸ்ரியா பாலை யாரும் நிறுத்தக்கூடாது. இதை அப்படியே நயினார் மாமாவுக்கும் அனுப்பிரு." கையை எடுப்பதற்குள் பிள்ளை அழுகையும் உள்ளே போய்விட்டது. மிஸ்ரியா பிள்ளையை மடியில் போட்டு பாட்டிலை அவன் வாயில் வைத்தாள்.

இரண்டு நிமிஷத்தில் கனி கூப்பிட்டான். எப்படி, எப்படி என்று கேட்டான். ஆசியா திரும்பவும் சொன்னாள். பிறகு அவன் அவுன்ஸுலயும் இங்கிலீஷ் அவுன்ஸு, அமெரிக்கா அவுன்ஸுன்னு ரெண்டு உண்டு, அது ஒண்ணு ரெண்டு மில்லிதான் முன்ன பின்ன என்று ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த தரையில் போய் நின்றுகொள்ளப் பார்த்தான், பாவம். மிஸ்ரியா போனை வாங்கினாள்.

"கேலன் கணக்கெல்லாம் அப்புறம் பேசலாம். நாளைக்குக் காலையில டாக்டர்ட்ட போறோம். மதினிதான் சொல்லணும். எத்தன கரண்டி போட்டாங்க, எத்தன நாளு போட்டாங்கன்னு. நான் சொல்லமாட்டேன்." இதை அவள் போனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நானே சொல்லுதேன்" என்றாள் ஆசியா. "டீச்சர்ட்டயும் சொல்லுதேன்."

"மாமா வந்தா?"

"அவருட்டயும்."

"நாளைல இருந்து பாட்டில் நான் கலக்குவேன்."

ஆசியா டின்னை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினாள். டின் தரையில் உரசிப் போய் மிஸ்ரியாவின் கால்விரலில் இடித்து நின்றது. இனி இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி வந்தது.

மிஸ்ரியாவின் மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். முதலில் வழக்கம்போல அவசரம். மூக்கு விடைக்க, கையைக் காலை உதைத்துக்கொண்டு. மூன்று கோட்டுக்குக் கீழே இறங்கியதும் உதைப்பது நின்றது. இரண்டு கோட்டில் நெற்றியில் வேர்வை அரும்பியது. அதற்கும் கீழே வந்தபோது வாய் நிதானப்பட்டு, நின்று, ஒரு தடவை இழுத்து, மறுபடி நின்றது. ரப்பர் தானாக வெளியே வந்தது. உதட்டோரத்தில் ஒரு சொட்டு பால் நின்றது. அவன் அதை நக்கக்கூட இல்லை. தூங்கிவிட்டான்.

இரண்டு பேரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் பால் மிச்சம் இருந்தது. ஐந்து வாரத்தில் அந்தப் பாட்டிலில் மிச்சம் என்று ஒன்று இருந்ததில்லை. மிஸ்ரியா பிள்ளையை அசைக்காமல் பாட்டிலை நிமிர்த்தி, ஆடாமல் பிடித்து, கண் மட்டத்துக்குத் தூக்கினாள். பால் அசைந்து அடங்கியது.

"ஒரு அவுன்ஸு வச்சிருக்கான்" என்றாள்.

"முப்பது மில்லி" என்றாள் ஆசியா.

மிஸ்ரியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காலால் டின்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "கலக்கும்போது பக்கத்துல இருந்து எண்ணுங்க" என்றாள்.

ஆசியா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பல்பின் சூட்டில் இலை ஓரளவு காய்ந்திருந்தது. ஒரு பீடி சுற்றி எறிந்தாள். ஒன்று என்று வாய்விட்டு எண்ணினாள்.